கொள்ளிடத்தில் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது

டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் படகு ஓட்டுவது இயல்பாகவே வரும் என்று வெளியூர் நண்பர்கள் நம்புகிறார்கள். நிலவரம் நேர்மாறானது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு என்று கிளைகள் பெருகுகின்றன. நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடியும் பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் தெற்கே முத்துப்பேட்டைக் காயலைத் தேடிப் போகின்றன. இத்தனை ஆறுகள் இருந்தும் இவை பாசனத்துக்கான ஆறுகள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் வரும், ஜனவரி 28-இல் மூடினால் சில வாரங்களில் மணல் தெரியும். தண்ணீர் ஓடும் மாதங்களிலும் வழிநெடுக மதகுகளும் நீரொழுங்கிகளும் குறுக்கே நிற்பதால் படகுக்கு அங்கே வேலை இல்லை. துறைக்குத் துறை கிடந்த ஓடங்களையும் பாலங்கள் கரையேற்றிவிட்டன. ஆகவே என் தலைமுறையில் ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்கள் ஏராளம். சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர்களைக் கடலோர ஊர்களிலும் கழிமுகங்களிலும்தான் தேட வேண்டும்.

போதாக்குறைக்கு, எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஓடக் கதையே ஓடக்காரன் இல்லாத ஓடத்தைப் பற்றியது. திருவாரூர் மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூரில் ஆறு பெருக்கெடுத்து ஓட, ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட, திருஞானசம்பந்தர் அடியார்களோடு அதில் ஏறிப் பதிகம் பாடி அக்கரை சேர்ந்தார் என்பது தல வரலாறு. ஐப்பசியில் அங்கே ஓடத் திருவிழா இன்றும் நடக்கிறது. சம்பந்தருக்கு வாய்த்தது நம் மாமாவுக்கும் மச்சானுக்கும் வாய்க்காது என்பதால்தான் இந்தக் கட்டுரை தேவைப்படுகிறது.

கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில், கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அக்கரையில் உள்ள சவுக்குத் தோப்புக்குப் போய்வருவதற்காக வாங்கியது. 18 அடி நீளம், பின்னால் தொங்கும் 10 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், இரண்டு மூங்கில் கழிகள், ஒரு துடுப்பு, ஒரு நங்கூரம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் உறவினர்களும் நண்பர்களும் படகில் ஏறி ஐந்து நிமிடம் கழிவதற்குள் “நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டுவிடுவார்கள். படகைத் திருப்புவது எவருக்கும் கால் மணி நேரத்தில் வந்துவிடும். திருப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் வருவதில்லை. கற்றுக்கொடுப்பவருக்கும் அதே பாடுதான்: கையை நீட்டாமல், வாயைத் திறக்காமல் காத்திருக்க அவரும் பழக வேண்டியிருக்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தண்ணீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொள்ளிடம் வெள்ள வடிகால் ஆறு. பாசனத்துக்கான நீர் காவிரியிலும் வெண்ணாற்றிலும் போக, மிஞ்சியது முழுவதும் இங்கேதான் தள்ளப்படுகிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டியதிலிருந்து இந்தப் பங்கீட்டுக்கு ஓர் ஒழுங்கு வந்தது என்றாலும், மேற்கே கனமழை கொட்டி மேட்டூர் நிரம்பிவிட்டால் கொள்ளிடத்தைக் கட்டுப்படுத்துவது எளிதன்று. 2018 ஆகஸ்டில் முக்கொம்பிலேயே மேலணை மதகுகள் சில உடைந்து அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். உபரி நீர் திறக்கும் நாட்களில் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும். யார் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு நீர் தெளிந்து, மேலிருந்து வரும் ஓட்டம் அடங்கி, கடலின் ஏற்றவற்றம் மட்டும் ஆற்றை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்ள அதுவே காலம்.

அதிலும் நீர் ஏறும் நேரம் வேண்டும். இந்தக் கடற்கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கொள்ளிடத்துச் சேற்றுத் திட்டுகள் தட்டையானவை. முழங்கால் அளவு நீர் கூடினாலும் குறைந்தாலும் படகு மிதப்பதா உட்காருவதா என்பது மாறிவிடும். புதிதாகப் பிடிப்பவர் திட்டில் ஏற்றத்தான் செய்வார். நீர் ஏறிக்கொண்டிருந்தால், அரை மணி நேரம் முறுக்கும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, தானாகவே மிதந்துவிட்ட படகைத் தள்ளிக்கொண்டு திரும்பலாம். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது ஏற்றிவிட்டாலோ, அடுத்த ஏற்றம் வரும்வரை உறவினர்களோடு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் இழுப்பு அதிகம் என்பதால் அந்த நாட்களைப் பாடத்துக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முற்பகலில் கடற்காற்று கிளம்பி ஆற்றுக்குள் வீசத் தொடங்கும். அப்போது நீர் வெளியே வற்றிக்கொண்டிருந்தால் காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதிக் குட்டையான, செங்குத்தான அலை எழும்பும். அனுபவம் உள்ளவருக்கு அது சிறு தொல்லை, புதியவருக்குப் பயம். பயந்தவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஏறியதும் முதல் வேலை ஆட்களை உட்கார வைப்பது. இதைச் சடங்காக நினைத்து அவசரப்படுகிறார்கள். பாதிப் பாடம் இதில்தான் இருக்கிறது. எல்லோரும் முன்னால் போய்க் காற்று வாங்க உட்கார்ந்தால் அணியம் அமுங்கும்; முன்பக்கம் அமுங்கிய படகு நேராகப் போகாது, இடமும் வலமுமாக மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும், சுக்கான் பிடித்தவர் குற்றம் தன்னுடையது என்று நினைத்து மேலும் மேலும் திருப்புவார். எல்லோரும் பின்னால் குவிந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே இருப்பது தெரியாது. அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும். சாய்கிற பக்கம் அந்தத் தண்ணீர் ஓடிச் சேர்ந்து சாய்வைக் கூட்டும். பிறகு உயிர்காப்பு உடை. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. “எனக்குக் காவிரியில நீந்தத் தெரியும்டா தம்பி” என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர் அணியும்வரை கயிற்றை அவிழ்க்காமல் நிற்பேன், மற்றவர்கள் அவரிடம் வாதாடிக்கொள்வார்கள். கையைத் தண்ணீரில் அளையவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அணைக்கரையிலிருந்து சிதம்பரம் வட்டம்வரை கரையோர ஊர்களுக்கு அது பழைய செய்தி, பிடிபடுபவற்றை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். எங்கள் உப்பு நீர்ப் பகுதியில் அவை அரிது. இருந்தாலும் இந்த ஒரு செய்தி குழந்தைகளை ஒழுங்காக உட்கார வைப்பதற்கு உதவுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது நிறுத்துவது. ஓட்டுவதற்கு முன் நிறுத்தச் சொல்லிக்கொடுப்பது பலருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் படகில் பிரேக் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தாலும் யாருடைய உடம்புக்கும் அது தெரியாது. நியூட்ரலுக்கு வந்த பிறகும் படகு தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கரையோரம் மிதக்கும் ஆகாயத்தாமரைக் குத்து ஒன்றைக் காட்டி, “இது பக்கத்துல வந்து நிக்கணும், மோதக் கூடாது” என்பேன். முதலில் எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். பிறகு அளவுக்கு மீறி முன்னாலேயே நிறுத்திவிட்டு, குத்து தங்களை நோக்கி வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேலிருந்து நன்னீர் வந்த பிறகு சில வாரங்கள் மட்டுமே ஆகாயத்தாமரை இந்தப் பக்கம் பச்சையாகக் கிடக்கும். உப்பு ஏறியதும் கருகிவிடும். ஆற்றுக்கு அது பெரும் தொல்லை, எனக்குச் சிக்கனமான பாடக் கருவி.

இன்ஜினை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் ஒரு முனை இன்ஜினில் ஒரு சிறு பொத்தானுக்கு அடியில் செருகியிருக்கும், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டியிருக்கும். அவர் விழுந்தாலோ எழுந்து ஓடினாலோ கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அதை மாட்டாமல் ஓட்டிப் பழகியவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆளில்லாத படகு நேராகப் போய்விடாது. வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரக்கூடும். ஆகவே இந்தக் கயிறு மணிக்கட்டில் ஏறாமல் கைப்பிடி கைமாறாது.

இனிக் கைப்பிடி. ஓட்டுபவர் பின்பலகையில் வலப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, இன்ஜினிலிருந்து முன்னோக்கி நீளும் கைப்பிடியை இடக் கையால் பிடிக்கிறார். அதைத் தன்னிடமிருந்து தள்ளினால் படகின் மூக்கு அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும். தன்னை நோக்கி இழுத்தால் மூக்கு மறுபக்கம் போகும். இதை இடம், வலம் என்ற சொற்களால் விளக்கத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். சைக்கிளும் காரும் ஓட்டிய கை, இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கம்தான் தள்ளும். படகு வலப்பக்கம் போகும். பதறிய கை அதே பக்கம் இன்னும் தள்ளும். நான் மூன்றே சொற்களை வைத்திருக்கிறேன்: தள்ளு, இழு, விடு. மூத்தவர்களுக்குத் தள்ளுங்க, இழுங்க, விடுங்க. விடு என்றால் கையை எடுப்பதன்று. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, வேகம் கூட்டும் அதன் முறுக்கையும் தளர்த்துவது. கரையிலிருக்கும்போதே இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லிக் கையை அசைக்க வைப்பேன். ஆற்று நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது.

பின்பக்கம் வீசித் திரும்பும் என்பதை விளக்க நான் பட்ட பாட்டை என் சித்தப்பா ஒரு வாக்கியத்தில் தீர்த்துவைத்தார். காரில் முன்சக்கரம் திரும்ப, பின்பகுதி அதைத் தொடர்கிறது. படகில் திருப்பும் விசை பின்னால் இருப்பதால் அமரம் என்கிற பின்முனைதான் முதலில் வெளியே வீசும், மூக்கு அதன் பிறகே உள்ளே வரும். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் அகலமான வளைவில் போகும். சித்தப்பா சம்பா அறுவடையில் டயர் வைத்த அறுப்பு மிஷின் ஓட்டியவர். “அப்ப இது நம்ம அறுப்பு மிஷின் மாதிரின்னு சொல்லேன்டா, அதுவும் பின்சக்கரத்துலதானே திரும்புது” என்றார். வரப்பு ஓரம் வந்து திரும்பும்போது மிஷினின் பின்புறம் வரப்பில் இடிக்கும் என்று முன்கூட்டியே விலகிப் பழகிய கை அது. அன்றைக்கு அவருக்குப் பாடமே தேவைப்படவில்லை.

கரையோரம் வலை கட்ட ஊன்றியிருக்கும் மூங்கில் கழிகளுக்குப் பக்கத்தில் இது மிகவும் முக்கியம். எதை விட்டு விலக வேண்டுமோ அதன் பக்கம் கைப்பிடியைத் தள்ளினால் மூக்கு விலகிவிடும் என்ற சூத்திரத்தைப் பலர் சொல்லித் தருகிறார்கள். தூரத்திலிருக்கும்போது அது சரி. கழிக்கு வெகு அருகில் வந்த பிறகு அப்படிச் செய்தால் மூக்கு விலகும், அமரம் நேராகக் கழியின் மேல் போய் விழும், வலை இன்ஜினின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பிறகு அந்த வலைக்குச் சொந்தக்காரர் வரும்வரை நின்று, மன்னிப்பும் கேட்டு, விலையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆகவே விலகுவதை முன்கூட்டியே செய்ய வேண்டும். அருகில் வந்துவிட்டால் நியூட்ரலுக்கு வந்து, கழியைக் கையால் பிடித்துத் தள்ளி விலகுவதே நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு நேராகப் போகச் சொல்வேன். நேராகப் போவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கைப்பிடியை அசைத்தால் படகு உடனே கேட்காது. கேட்கத் தொடங்கினால் உடனே நிறுத்தாது. புதியவர் தள்ளுவார், ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னும் தள்ளுவார், அதற்குள் முதல் தள்ளல் பலிக்கத் தொடங்கியிருக்கும், இரண்டாவதும் சேர்ந்துகொண்டு மூக்கு வெகுதூரம் சுழன்றுவிடும், பதறி இழுப்பார், மறுபக்கம் அதைவிட அதிகமாகச் சுழலும். திரும்பிப் பார்த்தால் நுரைத்தடம் பாம்பாக நெளிந்து கிடக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை; ஆனால் அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. ஒரு விரல் அளவு தள்ளிவிட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு, மூக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்கு குறிக்கு வந்து சேர்வதற்கு முன்பே கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மீதித் தூரத்தைப் படகு தானே சுழன்று முடித்துக்கொள்ளும். கண் எங்கே இருக்கிறது என்பதும் இதில் அடக்கம். படகின் மூக்கையோ அதற்கு முன்னால் உள்ள தண்ணீரையோ பார்த்துக்கொண்டிருப்பவரால் நேராகப் போக முடியாது. அக்கரையில் தொலைவில் ஒரு தென்னையைக் குறியாகக் கொடுத்து, “அந்த மரத்த விட்டுக் கண்ண எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டால், சற்று நேரத்தில் நுரைத்தடம் தானாக நிமிர்ந்துவிடுகிறது.

பிறகு அந்தத் தென்னைக்குப் பின்னால் தெரியும் செல்போன் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் படகு நேர்கோட்டில் போகிறது. கோபுரம் தென்னையிலிருந்து நீர் ஓடும் திசைக்கு நகரத் தொடங்கினால், மூக்கு சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் படகு அடித்துச் செல்லப்படுகிறது என்று பொருள். அப்போது மூக்கை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் படகு நண்டைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, சேர வேண்டிய இடத்துக்கு நேராகச் சேரும். இதைப் புரிந்துகொண்டதும் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன் என்று நினைக்கிறேன். என் அக்காள் மகள் கல்லூரியில் இயற்பியல் படிப்பவள். திசையன் கூட்டலைப் பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறாள். ஆற்று நடுவில் அதைக் கையால் செய்தபோது, “மாமா, இதத்தான் அவங்க அம்புக்குறி போட்டுச் சொன்னாங்களா!” என்று கத்திவிட்டாள்.

இன்ஜின் படகுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பயந்தவர்கள் முறுக்கைச் சட்டென்று குறைத்துவிட்டுக் கைப்பிடியை ஒரு பக்கம் முழுவதும் தள்ளுவார்கள். ஒன்றும் நடக்காது. தனிச் சுக்கான் வைத்த பழைய தோணியில், இன்ஜினோ பாயோ இல்லாமல் போனாலும், படகு நகர்ந்து தண்ணீர் சுக்கானில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது கேட்கும். வெளியில் தொங்கும் இன்ஜினில் விசிறி தள்ளும் தண்ணீர்தான் பெருமளவுக்குச் சுக்கானின் வேலையைச் செய்கிறது. விசிறி நின்றால் திருப்பமும் ஏறக்குறையப் போய்விடும். எனவே ஆபத்தில் திருப்ப வேண்டுமானால் சற்றேனும் முறுக்கு இருக்க வேண்டும். எதிர்மறையான ஆபத்தும் உண்டு: பயந்தவர் கை இறுகும், இறுகிய கை முறுக்கிவிடும். கைப்பிடி எளிதில் சுழலாதபடி இறுக்கி வைக்க அதன் அடியில் ஒரு திருகு இருக்கிறது. புதியவர் பிடிக்கும்போது அதைச் சற்று இறுக்கிவிட்டால் நமக்கும் நிம்மதி. பழையாறு துறையில் மீனவர்கள் நீண்ட தண்டு வைத்த டீசல் இன்ஜினைத் தூக்கி இறக்கித் திருப்புவதைப் பார்த்துவிட்டு, அதையும் பிடித்துப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் உண்டு. அது பல ஆண்டுகள் பழகிய தோளுக்கானது.

எதிரே வரும் படகுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் நம் நாட்டவர் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகியவர்கள் நாம். தண்ணீரில் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கப்பல்கள் மோதாமல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், குறுகிய தடத்தில் போகும்போது அவரவர் வலப்பக்கத்து ஓரமாகப் போகச் சொல்கின்றன. நேருக்கு நேர் வரும் இரண்டு இன்ஜின் படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்பி, ஒன்றின் இடப்புறம் மற்றதன் இடப்புறத்தைப் பார்க்கும்படி கடக்க வேண்டும் என்கின்றன. கொள்ளிடத்தில் யாரும் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை, ஆனால் துறையில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஒதுங்குகிறார்கள். லாரி ஓட்டிய என் பெரிய மாமாவுக்கு மற்றதெல்லாம் வந்த பிறகும் இது மட்டும் வரவில்லை. எதிரே படகைக் கண்டதும் அவர் கை இடப்பக்கம் ஒதுங்கிவிடும். முப்பது ஆண்டு நெடுஞ்சாலைப் பழக்கத்தை ஒரு காலைப் பொழுதில் மாற்றச் சொல்வது நியாயமில்லை. வலை வீசிக்கொண்டிருக்கும் துடுப்புப் படகைக் கண்டால் மட்டும் எந்த விதியையும் யோசிக்க வேண்டாம், வேகத்தைக் குறைத்து நன்றாக விலகிப் போங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் பிழைப்புக்கு வந்தவர், நாம் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள்.

கரை சேர்வதில்தான் உறவினர்களுக்கிடையே சண்டை வருகிறது. எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்தே கரையை அணுக வேண்டும். ஓட்டத்தோடு சேர்ந்து வந்தால், மெதுவாக வருவதாக நினைத்தாலும் கரையைப் பொறுத்தவரை வேகமாகத்தான் வருகிறோம். எதிராக வந்தால் இன்ஜினும் ஓட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, படகு ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, அங்குலம் அங்குலமாகப் பக்கவாட்டில் கரைக்கு நகர்த்தலாம். எங்கள் பகுதியில் ஓட்டம் நாளுக்கு நான்கு முறை திசை மாறுவதால், காலையில் மேற்கே பார்த்துக் கட்டிய படகை நண்பகலில் கிழக்கே பார்த்துக் கட்ட வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம்; நங்கூரமிட்டிருக்கும் மற்றப் படகுகளின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நீர் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு நான் நடுப்பலகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அருகில் உட்கார்ந்தால் கை தானாக நீளும். முன்னால் உட்கார்ந்தால் ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். கணவன் ஓட்டும்போது மனைவியும், மனைவி ஓட்டும்போது கணவனும் கரையில் இருப்பது நல்லது என்பது என் கருத்து; இதைச் சொன்னதற்காக என்மேல் வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஒரே சமயத்தில் இருவர் கட்டளையிட்டால் கை யார் பேச்சையும் கேட்காது. கரையிலிருந்து கயிற்றை வாங்க நிற்பவர்களுக்கும் வாய்ப்பூட்டு போட வேண்டியிருக்கிறது.

ஆற்றின் ஆழத்தைப் படிப்பதையும் இடையிடையே சொல்லி வைக்கலாம். வளைவின் வெளிக்கரையில் ஓட்டம் அரித்து ஆழமாக இருக்கும், உட்கரையில் மணல் படிந்து திட்டாக இருக்கும். குறுக்கு வழி என்று உள்வளைவை ஒட்டிப் போகும் நகரத்து நண்பர்கள் அனைவரும் ஒருமுறையேனும் விசிறியால் மணலைக் கிளறியிருக்கிறார்கள். மேற்கே மணல் அள்ளிய இடங்களில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் என்பதால் அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களை, அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத் துறைக்குப் போய்ச் சீட்டு வாங்கி, பயணியாக ஏறி, துடுப்புப் போடுபவரின் கையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். வேர்கள் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் சிறு கால்வாயில், எதிரே இன்னொரு படகு வரும்போது, அவர் துடுப்பை ஒரு தடவை பின்னுக்கு அழுத்தி நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு என் பாடம் பாதியாகக் குறைகிறது.

கழிமுகத்தில் கைப்பிடியை யாருக்கும் கொடுப்பதில்லை. கொள்ளிடம் கடலைத் தொடும் இடத்தில் மணல்மேடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். சென்ற ஆண்டு ஆழமாக இருந்த தடத்தில் இந்த ஆண்டு அலை உடையும். நாள்தோறும் போய்வரும் மீனவர்களே வேகத்தைக் குறைத்து, அலைகளின் இடைவெளியைக் கணித்து நுழைகிறார்கள். அங்கே கற்றுக்கொடுப்பதற்கு எனக்குத் தகுதி இல்லை.

கடைசிப் பாடம் இன்ஜின் நின்றுபோவது. ஒருவரைத் தனியே அனுப்பலாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். ஆற்று நடுவில் நானே இன்ஜினை அணைத்துவிட்டு, “இனிமே என்ன செய்யணும்?” என்று கேட்பேன். பெரும்பாலோர் மறுபடியும் கிளப்பும் கயிற்றை இழுக்கத் தொடங்குவார்கள். இழுத்து இழுத்துக் கை ஓய்வதற்குள் படகு வெகுதூரம் போயிருக்கும், நீர் வற்றும் நேரமானால் கழிமுகத்தை நோக்கியே போயிருக்கும். சிலர் கழியை எடுப்பார்கள். ஆழத்தில் கழி தரைக்கு எட்டாது. முதலில் நங்கூரத்தைப் போட்டுப் படகை நிற்க வைத்துவிட்டு, எரிபொருள் குழாய், தொட்டியின் காற்றுத் திருகு, விசிறியில் சுற்றிய குப்பை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே செய்தவர்கள் குறைவு.

என் அத்தை அவர்களில் ஒருவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் படகின் பின்பலகையில் முதன்முதலாக உட்கார்ந்தார், நேராகப் போகக் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். இன்ஜின் நின்றதும் நங்கூரத்தைத் தூக்கினார், ஆனால் போடவில்லை. கயிற்றைக் கையால் அளந்துகொண்டே பின்னோக்கிப் போய், “ஏன்டா, இந்த முனைய எங்கயும் கட்டவே இல்லையே, போட்டா நங்கூரம் மட்டும்தான் நிக்கும்” என்றார். நான் வேண்டுமென்றே அவிழ்த்து வைத்திருந்த முனை அது. அதற்கு முன் அந்தச் சோதனைக்கு உட்பட்டவர்கள் எல்லோருடைய நங்கூரத்தையும் நான் கால் வைத்துக் கயிற்றை மிதித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. இப்போது தோப்புக்கு ஆள் கூட்டிப் போக வேண்டியிருந்தால் படகை அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன். பெரிய மாமா நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே படகு வரும்போதெல்லாம் இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லிக்கொண்டே போகிறார்.